பச்சைக் கம்பளமும் பெட்டிசமும்

சாதாரண தரத்துக்குப் படித்த காலத்தில் 'மலையகத்தின் எழில்' என்று ஒரு கட்டுரை எழுதினேன். நீங்களும் எழுதியிருப்பீங்க. பச்சைக் கம்பளம் விரித்தாற்போலத் தேயிலைச் செடிகள், வெள்ளியை உருக்கி ஊற்றினாற்போல நீர்வீழ்ச்சி, முகில் வந்து தழுவும் மலைமுகடு. ரம்புக்கனைப் பக்கம் இருக்கிற எங்கள் தோட்டத்தில் தேயிலையே கிடையாது. முழுக்க றப்பர். நீர்வீழ்ச்சி பார்க்கணும்னா பஸ் ஏறித்தான் போகணும். ஆனாலும் எனக்கு நல்ல புள்ளி கிடைத்தது, வகுப்பில் எழும்பி நின்று வாசிக்கவும் சொன்னார்கள்.

அந்தக் கிழமை முழுக்க மழை. அம்மா விடியக்காலையில் பால் வெட்டப் போய், மரம் நனைந்திருக்கு என்று வெட்டாமல் திரும்பி வந்தார். வெட்டாத நாளுக்குப் பேர் இல்லை. வீட்டில் அதுதான் பேச்சு. என் கட்டுரையில் அது ஒரு வரிகூட இல்லை. எழுதாதே என்று யாரும் தடுக்கவில்லை. அதெல்லாம் கட்டுரைக்குள் வரக்கூடிய சங்கதி என்றே எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பிறகு பல்கலைக்கழகம் போனேன். அங்கே கம்பளத்தின் நிறம்தான் மாறியது. ஒப்படை ஒவ்வொன்றும் "இன்றைய நவீன உலகிலே" என்று தொடங்கும். நடுவில் மூன்று மேற்கோள், கடைசியில் "எனவே நாம் அனைவரும்". யார் யாருக்கு என்ன சொல்கிறார் என்பது கடைசிவரை தெரியாது. இப்போது எனக்குக் கீழே படிக்கிற தம்பி தங்கச்சிமார் ஒப்படைகளைக் கொண்டுவந்து "அண்ணா, கொஞ்சம் பாருங்க" என்று கேட்கும்போது அதே கம்பளத்தைப் பார்க்கிறேன். அதனால்தான் இந்தக் கேள்வி. கல்லூரியும் பல்கலைக்கழகமும் எழுதக் கற்றுக்கொடுக்கும்போது எதை முன்னுக்கு வைக்க வேண்டும்? இலக்கணத்தையா, நடையையா, முன்னுரை பின்னுரை என்கிற அமைப்பையா?

இதற்குப் பதிலை நான் தோட்டங்களின் வரலாற்றில் தேடுகிறேன். ஏனென்றால், எழுத்து எங்கள் சனத்திடம் வந்து சேர்ந்த விதமே வேறு. மற்ற இடங்களில் ஏடு, புராணம், பள்ளிக்கூடம் என்று வந்திருக்கும். எங்களுக்கு அது செக்ரோலாக வந்தது.

தோட்டத்தில் 'பேர்' என்றால் கூலி. "இன்னைக்கு பேர் விழுந்துச்சா?" என்று கேட்டால், செக்ரோலில் கணக்கப்பிள்ளை உங்கள் பெயருக்கு நேரே குறி போட்டாரா என்று அர்த்தம். கொழுந்தோ பாலோ நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. நாள் முழுக்க வேலை செய்த ஒரு பெண்ணின் பேரைப் பாதியாக வெட்ட ஒரு பென்சில் கோடு போதும். எழுத்துக்கு இருக்கிற பலத்தை எங்கள் பாட்டிமார் எந்தப் பேராசிரியரையும்விட நன்றாகவே தெரிந்துவைத்திருந்தார்கள், எழுதத் தெரியாமலே.

செக்ரோலுக்கு முந்திய கதையும் இருக்கு. 1867இல் கண்டிவரைக்கும் ரயில் பாதை போட்டு முடித்தார்கள். எங்கள் ரம்புக்கனையில் இருந்துதான் கடுகண்ணாவை ஏற்றம் தொடங்குகிறது. ரயிலைப் பின்னால் இருந்து தள்ள இங்கேதான் இன்னொரு என்ஜினைப் பூட்டுவார்கள். அந்தப் பாதையில் கோப்பி இறங்கியது, ஆட்கள் ஏறினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படி ஏறியவர்களிடம் ஒரு தகர டிக்கட் இருந்தது. போய்ச் சேர வேண்டிய தோட்டத்தின் அடையாளத்தை எழுத்தும் இலக்கமுமாக அடித்த சின்னத் தகரம். கயிற்றில் கோர்த்து உடம்பில் கட்டிக்கொள்ள வேண்டும். வழியில் செலவான பணத்தை எந்தத் தோட்டத்தின் கணக்கில் போடுவது என்று அதிகாரிகளுக்குத் தெரியணுமே, அதற்காக. நம் முன்னோர் இந்த நாட்டில் சுமந்த முதல் எழுத்து அதுதான். அதை வாசிக்க அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவும் இல்லை.

அப்புறம் 'துண்டு'. நம்ம தமிழ்ச் சொல்தான், ஆங்கிலச் சட்டப் புத்தகத்திலேயே ஏறியது. இந்தக் கங்காணிக்கும் அவன் ஆட்களுக்கும் இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக்கொடுக்கிற காகிதம். கங்காணி அதை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்குப் போவார். அந்தத் துரை கடனை அடைத்து ஆட்களை எடுத்துக்கொள்வார், கங்காணிக்கு மேலும் முன்பணம் கொடுப்பார். அதுவும் ஆட்களின் தலையில் கடனாக ஏறும். ஒரு துண்டுக் காகிதத்தில் முப்பது நாற்பது குடும்பம் கைமாறியது. 1921இல்தான் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

இந்தக் காலத்திலேயே துரைமாரும் தமிழ் படித்தார்கள். அவர்களுக்கென்று பாடப்புத்தகங்கள் இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த ஒன்றின் பெயரே 'இங்கே வா'. சின்னத்துரையின் சட்டைப்பைக்கான தமிழ் வழிகாட்டி. 1915இல் வெல்ஸ் என்பவர் 'கூலித் தமிழ்' என்ற பெயரில் இன்னொன்று போட்டார். ஒரு மொழிப் பாடப்புத்தகத்துக்கு 'இங்கே வா' என்று பெயர் வைத்தால், அந்த மொழியில் நடக்கப்போகிற பேச்சு எப்படி இருக்கும் என்று நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஏவல் வினைதான் மொத்த இலக்கணமும்.

தமிழில் அச்சான முதல் தோட்ட இலக்கியம் என்று ஆய்வாளர்கள் காட்டுவது 1869இல் வந்த 'கோப்பிக் கிருஷிக் கும்மி'. எழுதியவர் ஆபிரகாம் ஜோசப். தோட்ட உத்தியோகத்தில் இருந்தவர். கோப்பிப் பயிர்ச்செய்கையையும் துரைமாரையும் புகழ்ந்து கும்மி மெட்டில் பாடியிருக்கிறார். கும்மி தொழிலாளியுடையது, பார்வை துரையுடையது. என்னுடைய பச்சைக் கம்பளத்துக்கு அங்கேயே ஒரு மூத்த அண்ணன் இருக்கிறார் என்று அதைப் பற்றிப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதுதான் கதையே. 1907ஆம் ஆண்டு கிராமியப் பாடசாலைச் சட்டம், தோட்டத்தில் ஆறு வயதிலிருந்து பத்து வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்புக் கொடுக்கும் பொறுப்பைத் துரையிடம் கொடுத்தது. பத்து வயது முடிந்தால் மலைக்கு. லயக் காம்பராவில் நடந்த பள்ளி, ஒரே வாத்தியார், எல்லா வகுப்பும் ஒரே இடத்தில். எழுத்து என்றால் பார்த்தெழுதுவது, சொல்வதெழுதுவது. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தபோது நாடு முழுக்கக் கதவு திறந்தது. தோட்டப் பள்ளிகள் அந்த ஓட்டத்துக்கு வெளியிலேயே கிடந்தன. அரசாங்கம் அவற்றை முழுமையாகக் கையேற்க 1970களின் பிற்பகுதி ஆகிவிட்டது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கு. பார்த்தெழுதுகிற பழக்கம் பள்ளிக்கூடத்தோடு போகவில்லை. மாதிரிக் கட்டுரையாக மாறி உயர் தரத்துக்கு வந்தது, 'நோட்ஸ்' ஆகப் பல்கலைக்கழகத்துக்கும் வந்தது.

அப்படியென்றால் எங்கள் ஆட்கள் தங்களுக்காக எழுதியதே இல்லையா? எழுதினார்கள். எழுதுவித்தார்கள் என்று சொல்வது இன்னும் சரி. அதற்குப் பெயர் பெட்டிசம். கூலி குறைந்தால், கூரை ஒழுகினால், பற்றுச்சீட்டுக் கொடுக்காமல் துரத்தினால், டவுனுக்குப் போய் எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்துப் பெட்டிசம் போடுவது. 1923இல் இந்திய அரசாங்கம் தன் ஏஜெண்ட் ஒருவரை இலங்கைக்கு அனுப்பியது. அலுவலகம் கண்டியில். தொழிலாளரின் முறைப்பாடுகள் அங்கே போய்ச் சேர்ந்தன. தோட்டத்துக்கு வெளியே ஒரு வாசகர் கிடைத்தது எங்கள் எழுத்துக்கு அதுதான் முதல் தடவை என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் வீட்டிலும் ஒரு பெட்டிசம் இருக்கு. அப்பாயியின் டிரங்குப் பெட்டிக்குள், பிறப்புச் சான்றிதழ்களுக்குக் கீழே மடித்து வைத்த நகல். லயத்துக் கூரைத் தகரம் பற்றித் துரைக்குப் போட்டது. 'மகா கனம் பொருந்திய' என்று தொடங்குகிறது. துரையின் தயாள குணம் ஒரு பக்கம். தொழிலாளரின் பணிவு அரைப் பக்கம். இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரி: எங்கள் வீட்டுக் கூரை பழுதடைந்துள்ளமையால் ஆவன செய்யும்படி. கீழே தாத்தாவின் கைநாட்டு. எந்த லயம், எத்தனையாம் காம்பரா, எத்தனை தகரம், எப்போதிருந்து, ஒன்றுமே இல்லை. தகரம் வரவில்லை. தகரம் வராததற்கு நடைதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் துரை நல்ல மனுசனாகவே இருந்திருந்தாலும் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பார்?

அதே சங்கதியை அப்பாயியிடம் கேட்டுப்பாருங்க. எந்த மாசம், எந்தப் பக்கத்துக் காற்று, முதலில் எந்த மூலைத் தகரம் தூக்கியது, எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது, யார் யாரிடம் போய்ச் சொன்னார்கள், அவர்கள் என்ன பதில் சொன்னார்கள், எல்லாம் வரிசையாக வரும். எழுதத் தெரியாத அப்பாயியிடம் கட்டுரை இருந்தது. எழுதத் தெரிந்தவரிடம் கம்பளம்தான் இருந்தது. பணம் கொடுத்து நாங்கள் கம்பளத்தை வாங்கினோம்.

பெட்டிசத்துக்கும் கட்டுரைக்கும் நடுவில் இருக்கிற பாலத்தை முதலில் நடந்து காட்டியவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூர்க்காரர். 1920களில் கொழும்பில் 'தேசபக்தன்' நடத்தினார். 1925இல் சட்டசபைக்குப் போனார். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் அமைத்தார். தோட்டத்துக்குள் வெளியாட்கள் நுழைந்தால் அத்துமீறல் வழக்குப் போடுகிற காலம் அது. அவர் புடவை வியாபாரி வேசத்தில் லயங்களுக்குள் போனார் என்பது மலையகத்தில் எல்லோரும் சொல்கிற கதை. வீரக் கதையாகத்தான் அதைச் சொல்வோம். எழுதக் கற்பிக்கிறவர்கள் அதை வேறு மாதிரிப் படிக்கலாம். எழுதுவதற்கு முன்னால் போய்ப் பார்த்தார், கேட்டார். கடன் எவ்வளவு, கூலி எவ்வளவு, கங்காணி பிடித்துக்கொள்வது எவ்வளவு என்று தெரிந்துகொண்டு வந்துதான் பேனாவை எடுத்தார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மையாரும் பத்திரிகையில் வேலை செய்தார். கூட்டங்களில் பாடினார், பாட்டுகளை அச்சிட்டார். சனத்துக்குப் பழகின மெட்டில், சனத்தின் பிரச்சினை. 1869இன் கும்மியை அப்படியே திருப்பிப் போட்ட மாதிரி.

நடேசய்யர் இறந்தது 1947இல். அடுத்த வருசமே பிரஜாவுரிமைச் சட்டம். அதற்கு அடுத்த வருசம், 1949இன் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். இதைப் பற்றி அரசியலாக நிறையப் பேசிவிட்டோம். எழுத்து என்ற பக்கத்தில் இருந்து யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பிரஜாவுரிமை வேண்டுமென்றால் விண்ணப்பம் எழுத வேண்டும். கலியாணம் செய்தவர் என்றால் 1946 ஜனவரி 1க்கு முன் 7 வருசம், மற்றவர்கள் 10 வருசம் இந்த நாட்டில் தொடர்ந்து இருந்ததைக் காட்ட வேண்டும். போதிய வருமானத்தையும் காட்ட வேண்டும். கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5. கிட்டத்தட்ட 237,000 விண்ணப்பங்கள் போயின. அவற்றுக்குள் இருந்தவர்கள் 8 லட்சத்துக்கும் மேல். 1960களின் தொடக்கத்தில் விசாரணைகள் முடிந்தபோது உரிமை கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு.

சட்டம் எங்களை வெளியே தள்ளுவதற்காகவே எழுதப்பட்டது. நன்றாக எழுதியிருந்தால் எல்லோருக்கும் கிடைத்திருக்கும் என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்த நாளை நினைத்துப் பாருங்க. தன் பெயரைக்கூட எழுதத் தெரியாத ஒரு மனிதர், தான் எப்போது எங்கே இருந்தோம் என்பதை வருசக் கணக்காக எழுத்தில் நிரூபிக்க வேண்டும். ஊருக்கு, அதாவது இந்தியாவுக்கு, போய் வந்த ஒரு பயணம் நீண்டுபோயிருந்தால் 'தொடர்ந்து' என்ற சொல் அறுந்துவிடும். அவருடைய வாழ்க்கையை வேறு யாரோ எழுதுகிறார், அவர் விரலை மையில் வைக்கிறார். எங்கள் சனம் எழுதியதிலேயே பெரிய பரீட்சை அதுதான். அதற்கு எந்தப் பள்ளிக்கூடமும் தயார்படுத்தவில்லை. தேதி, இடம், ஆதாரம், வாசிக்கப்போகிற அதிகாரி என்ன தேடுகிறார் என்ற கணிப்பு, இவ்வளவும் அந்தப் பரீட்சையில் இருந்தன. இன்றைக்கும் எங்கள் கட்டுரைப் பாடத்தில் இல்லாதவை அவைதான்.

எழுத்து இல்லாத பக்கத்திலும் ஒரு சொத்து இருந்தது. மடகொம்பரையில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, 1947 தேர்தலில் தலவாக்கலையில் வென்று பாராளுமன்றம் போனவர், லயங்களில் பாடப்பட்ட பாட்டுகளை வருசக்கணக்கில் சேர்த்தார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் புத்தகமாக வந்தது. இந்த வாய்மொழிப் பாட்டுகளின் உலகத்தில் கம்பளம் கிடையாது. கங்காணி இருக்கிறான், கறாரான துரை இருக்கிறான், பேர் போடாத கணக்கப்பிள்ளை இருக்கிறான். யாரைப் பார்த்துப் பாடுகிறோம் என்பதில் பாடுகிற பெண்ணுக்குக் குழப்பமே இல்லை. சி.வி.யே முதலில் ஆங்கிலத்தில்தான் நிறைய எழுதினார். 1954இல் வந்த அவருடைய தேயிலைத் தோட்டக் கவிதை நூல் ஆங்கிலம். துரையின் மொழியில் எழுதியவர் பாட்டியின் பாட்டைத் தேடி வந்தார் என்பதில் ஒரு ஆசிரியருக்குச் சேதி இருக்கு.

இங்கே ஒரு சண்டையையும் ஞாபகப்படுத்த வேண்டும். 1960களின் தொடக்கத்தில் இலங்கைத் தமிழ் இலக்கியத்தில் 'மரபு' பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. டொமினிக் ஜீவா, கே. டானியல் போன்றவர்கள் ஒடுக்கப்பட்ட சாதிச் சனங்களின் பேச்சை அப்படியே கதைக்குள் கொண்டுவந்தபோது, பண்டிதர் தரப்பு அதை 'இழிசனர் வழக்கு' என்றது. அந்தச் சண்டையில் வென்றது யார் என்று இன்று எல்லோருக்கும் தெரியும். பல்கலைக்கழகத்திலேயே டானியலைப் பாடமாகப் படிக்கிறோம். ஆனால் அதே வகுப்பில் ஒரு மாணவி ஒப்படையில் 'பெரட்டுக்களம்' என்று எழுதினால் சிவப்புக் கோடு விழுகிறது. எங்கள் ஒப்படை ஒன்றில் 'அரைப்பேர்' என்ற சொல்லை அடித்து, மேலே 'அரைநாள் ஊதியம்' என்று எழுதித் தந்தார்கள். இரண்டும் ஒன்று இல்லையே. அரைநாள் வேலை செய்தவருக்கு அரைநாள் ஊதியம். முழுநாள் வேலை செய்தவருக்குத்தான் அரைப்பேர்.

ஆசிரியர்கள் நினைத்தால் நிலைமை மாறும் என்பதற்கு ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரி ஒரு சாட்சி. 1960களில் அங்கே படிப்பித்த இர. சிவலிங்கம், திருச்செந்தூரன் போன்றவர்கள் ஒரு தலைமுறையையே பேசவும் எழுதவும் வைத்தார்கள். அதே காலத்தில் வீரகேசரியில் எஸ்.எம். கார்மேகம் 'தோட்ட மஞ்சரி' பக்கத்தை நடத்தினார். மலைநாட்டு எழுத்தாளர்களுக்கான சிறுகதைப் போட்டிகள் நடந்தன. பரிசு பெற்ற கதைகள் 'கதைக்கனிகள்' என்று 1971இல் தொகுப்பாக வந்தன. எழுதியவர்களில் பலர் தோட்டப் பள்ளி வாத்தியார்கள், தோட்ட உத்தியோகத்தர்கள். அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தால் விசயம் எளிது. வாசிக்க ஆள் கிடைத்தது. அடுத்த கிழமை பேப்பரில் வரும், லயத்தில் வாசிப்பார்கள், பிழையாக எழுதினால் "அப்படி நடக்கலையே" என்று சொல்ல ஆள் இருக்கும். ஒப்படைக்கு வாசகர் ஒரே ஒருவர். அவரும் புள்ளி போடுவதற்காக வாசிக்கிறார்.

மலைப் பிள்ளைகள், கைவிடப்பட்ட பள்ளி, எழுத்து என்று தேடும்போது இத்தாலியின் பார்பியானா வந்து நிற்கும். தொஸ்கானாப் பகுதி மலைக்குள் ஒரு குக்கிராமம். லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் அங்கே விவசாயிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அரசாங்கப் பள்ளிகள் பெயிலாக்கித் துரத்திய பிள்ளைகள். 1967இல் அவர்களில் எட்டுப் பேர் சேர்ந்து 'ஒரு ஆசிரியைக்குக் கடிதம்' என்று ஒரு புத்தகம் எழுதினார்கள். ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் எப்படி வடிகட்டுகிறது என்பதைக் கணக்கோடு, புள்ளிவிபரத்தோடு காட்டுகிற கடிதம். புத்தகம் முழுக்க ஒரு ஆளைப் பார்த்துப் பேசுகிறது, தங்களைப் பெயிலாக்கிய ஆசிரியையை. எப்படி எழுதினோம் என்பதையும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஆளுக்கொரு குறிப்புப் புத்தகம் சட்டைப்பையில். தோன்றுவதையெல்லாம் தனித்தனிக் காகிதத்தில் எழுதி, ஒரு நாள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, ஒரே மாதிரி உள்ளதை எறிந்து, மிச்சத்தைக் குவியல் குவியலாகப் பிரித்து, அதிலிருந்து அத்தியாயம். பிறகு தேவையில்லாத சொல்லைத் தேடித் தேடி வெட்டுவது. கடைசியில் வெளியாள் ஒருவரைக் கூப்பிட்டுச் சத்தமாக வாசிக்கச் சொல்வது. அதிகம் படிக்காதவராக இருந்தால் நல்லது. அவருக்கு எங்கே விளங்கவில்லையோ அங்கே திருத்தம்.

(பணக்காரப் பக்கத்திலும் இதைச் செய்திருக்கிறார்கள். 1880களில் ஹார்வர்டில் பரெட் வென்டல் என்ற ஆசிரியர் மாணவர்களை ஒவ்வொரு நாளும் ஒரு சின்னக் கட்டுரை எழுத வைத்தார், அன்றன்று தாங்கள் கண்டதைப் பற்றி. அமெரிக்காவில் பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு நூறு வருசத்துக்கும் முன்னாலேயே கிடைத்த பாடத்தை எங்களுக்குக் கொடுக்க என்ன தயக்கமோ.)

ஆக நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. முதலாம் வருசம் நடை, அணி, முன்னுரை என்பதையெல்லாம் கொஞ்சம் தள்ளி வையுங்க. கண்டதை எழுதச் சொல்லுங்க. எத்தனை, எப்போது, எங்கே, யார் சொன்னது. அதை யாருக்கு எழுதுகிறோம் என்று முதல் வரி எழுதுவதற்கு முன்னால் சொல்ல வையுங்க. பிரதேச செயலாளருக்கா, பத்திரிகைக்கா, பக்கத்துக் காம்பராக்காரருக்கா? ஒரே சங்கதியை மூன்று பேருக்கும் எழுதிப் பார்த்தால், எது மாறுகிறது எது மாறக்கூடாது என்று தானாக விளங்கும். இலக்கணம் அந்த இடத்தில் வரட்டும், தேவையோடு வரட்டும்.

இதற்கு ஒரு எதிர்வாதம் இருக்கு. அதை லேசாகத் தள்ள முடியாது. "லயத்துப் பேச்சை எழுதிக்கொண்டிருந்தால் பிள்ளை பரீட்சையில் என்ன செய்யும்? வேலைக்கு எப்படிப் போகும்? பெரிய இடத்துப் பிள்ளைகள் சுத்தத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதும்போது, நம்ம பிள்ளையை மட்டும் பேச்சுத்தமிழில் விட்டுவிடுவதா?" இதைச் சொல்பவர்கள் எங்கள் எதிரிகள் இல்லை, எங்கள் நல்லதை நினைக்கிற ஆசிரியர்கள். அவர்கள் சொல்வதில் பாதி சரி. எழுத்துத்தமிழ் வேண்டும், ஆங்கிலமும் வேண்டும். ரம்புக்கனையில் இருந்துகொண்டு நான் இன்னொன்றையும் சேர்ப்பேன், சிங்களத்திலும் எழுதத் தெரிய வேண்டும். 1987இன் 13ஆம் திருத்தத்தில் தமிழும் அரச கரும மொழிதான். ஆனால் கேகாலை மாவட்டத்தில் தோட்டத்துக்கு வருகிற கடிதம் எந்த மொழியில் இருக்கும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். நான் சொல்வது வரிசையைப் பற்றி மட்டும்தான். கண்டதைச் சொல்லத் தெரிந்த பிள்ளை சுத்தத் தமிழை இரண்டு வருசத்தில் பிடித்துக்கொள்ளும். சுத்தத் தமிழில் ஒன்றுமே சொல்லாமல் இரண்டு பக்கம் நிரப்பப் பழகிய பிள்ளைக்கு, பிறகு கண்ணைத் திறந்துவிடுவது கஷ்டம். எனக்கே இன்னும் முழுசாகத் திறக்கவில்லை.

2022 ஏப்ரல் 19 எங்கள் ஊர்ப் பெயர் உலகம் முழுக்கப் போனது. எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்து ரம்புக்கனை ரயில் கடவையில் சனம் மறியல் செய்தது. பொலிஸ் சுட்டது. ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். எண்ணெய் பவுசருக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள் என்றது பொலிஸ். இல்லை என்றார்கள் அங்கே நின்றவர்கள். அன்று இரவு எங்கள் வயசுக்காரர்கள் முகநூலில் எழுதியதையெல்லாம் வாசித்தேன். நானும் எழுதினேன். குருதி, விடியல், தீப்பொறி, வரலாறு மன்னிக்காது. பிறகு விசாரணைகள் வந்தபோது கேட்கப்பட்ட கேள்விகள் வேறு. எத்தனை மணி, நீங்கள் நின்ற இடம் எது, பவுசர் எந்தப் பக்கம், முதல் சத்தம் கேட்டபோது கூட்டம் எங்கே. என்னுடைய பதிவில் அதற்கு ஒரு பதிலும் இல்லை. எனக்குப் பட்டம் கொடுத்த எழுத்து அது.

கொட்டகலை பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி ஜேர்மன் உதவியோடு வந்த பிறகு, மலையகப் பள்ளிகளுக்கு மலையகத்திலிருந்தே பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் வரத் தொடங்கினார்கள். அது சின்ன மாற்றம் இல்லை. லயத்தில் பிறந்தவரே லயத்துப் பிள்ளைக்குக் கட்டுரை சொல்லிக்கொடுக்கிற காலம் இது. அங்கே படிக்கிற ஒருவர் 'மலையகத்தின் எழில்' என்ற தலைப்பைக் கரும்பலகையில் எழுதுவதற்குப் பதிலாக, "நேத்து உங்க வீட்டில யாருக்குப் பேர் விழல? ஏன்?" என்று எழுதினால் வகுப்பில் என்ன நடக்கும் என்று பார்க்க எனக்கு ஆசை.

போன மாசம் நானே ஒரு ஒப்படை செய்து பார்த்தேன். அப்பாயி சொல்லச் சொல்ல அந்தப் பழைய பெட்டிசத்தைத் திரும்ப எழுதினேன். புகழ்ச்சி இல்லை, பணிவு இல்லை. லய இலக்கம், காம்பரா இலக்கம், காற்றடித்த மாசம், கங்காணியிடம் சொன்ன நாள், அவர் சொன்ன பதில், ஏழு தகரம் தேவை. ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிட்டது. எழுதியதைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அப்பாயி வெத்திலையை மென்றுகொண்டே கடைசிவரை கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏழு இல்ல தம்பி, ஒம்போது. குசினிப் பக்கம் ரெண்ட விட்டுட்ட."